மென்மை என்றொரு பாராட்டு

டெக்கீலா விற்பவர்களிடமும் அதைப் பற்றி எழுதுபவர்களிடமும் ஒரு சொல் ஓயாமல் புழங்குகிறது: ஸ்மூத். உறைக்காமல், கமறாமல், எரியாமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது நல்ல டெக்கீலாவாம். ஓக் மரப் பீப்பாயில் சில மாதங்கள் கிடந்து பொன்னிறமாக வெளிவரும் ரெபொசாதோ வகைக்கு இந்தப் பாராட்டு இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: "இது பெண்களுக்கு ஏற்றது." இந்த இரண்டையும் எதிர்த்துத்தான் எழுதுகிறேன். முதலாவது, பானத்தைப் பற்றிய சோம்பேறித் தீர்ப்பு. இரண்டாவது, நம்மைப் பற்றிய தீர்ப்பு. இரண்டையும் சொல்லும் வாய் ஒன்றுதான்.

பானத்திலிருந்து தொடங்குவோம். டெக்கீலா நீலக் கற்றாழையிலிருந்து வருகிறது. நம்மூரில் வேலியோரமாக நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவு அது. மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும்தான் அந்தப் பெயருக்கு உரிமை உள்ள மண். 1974இல் டெக்கீலா புவிசார் பாதுகாப்புப் பெற்றது. செடி விளைய ஆறேழு ஆண்டுகள் ஆகும். பூந்தண்டு எழும்பினால் வெட்டிவிடுவார்கள். பூக்க விட்டால் சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் பூவுக்குப் போய்விடும். ஹிமதோர் எனப்படும் அறுவடைத் தொழிலாளி நீண்ட கைப்பிடியுள்ள கூரிய தகட்டால் மடல்களைச் சீவி எறிந்தால், அன்னாசிப் பழத்தைப் பெரிதாக்கினாற்போல ஒரு கட்டை மிஞ்சும். அதை வேகவைத்து, நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை வடிக்கிறார்கள். வடித்த கையோடு பாட்டிலில் அடைத்தால் ப்ளாங்கோ. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாதம் கிடந்தால் ரெபொசாதோ. ஓராண்டைத் தாண்டினால் அன்யேஹோ.

ரெபொசாதோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'ஓய்வெடுத்தது' என்று பொருள். ஒரு சாராயத்துக்கு இரண்டு மாத ஓய்வு சட்டப்படி உறுதியாகியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் பெண்களுக்குப் பிரசவத்துக்குக்கூட அது உறுதியில்லை. போகட்டும், பீப்பாய்க்கு வருவோம்.

பீப்பாய் கெட்டதல்ல. அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைக் கருக்கிய புதிய ஓக் மரக் கலன்களில்தான் ஊறவைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாக மெக்சிக்கோவுக்கு வருகின்றன. அந்த மரம் வனிலா, பட்டை, கிராம்பு வாசனைகளையும் லேசான துவர்ப்பையும் தரும். நல்ல ரெபொசாதோவில் இவையெல்லாம் கற்றாழைக்குப் பின்னால் நிற்கும். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்பும் மிளகின் உறைப்பும் பச்சிலை வாடையும் முன்னால் வரும். ஆறேழு வருடம் வெயிலில் நின்ற செடி அப்போதுதான் நாக்கில் தெரியும்.

கெட்ட ரெபொசாதோவில் செடியே இருக்காது. கற்றாழைச் சர்க்கரை 51 சதவீதம் இருந்தாலே டெக்கீலா என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். மீதி வேறு சர்க்கரையாக இருக்கலாம். '100 சதவீதம் அகாவே' என்று எழுதியிருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. காரமெல், ஓக் மரச்சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குள் பீப்பாய் வகைகளில் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன. காரமெல் வயதைக் கூட்டிக் காட்டும். கிளிசரின் வழுவழுப்பைத் தரும். பாகு கசப்பை மூடும். எல்லாரும் புகழும் அந்த 'ஸ்மூத்' சில நேரங்களில் இந்த ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

இதில் பெண்ணியம் எங்கே வந்தது என்று கேட்கும் மாணவிக்குச் சொல்கிறேன். எரிச்சலைக் காட்டாதே, குரலைத் தணி, பிறந்த மண்ணின் வாடை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள், உன்னைப் பார்ப்பவருக்குச் சிரமம் தராதே. உனக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரைகளையும் 'ஸ்மூத்' என்ற பாராட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பானத்திடம் கேட்பதும் உன்னிடம் கேட்பதும் ஒன்றாகவே இருக்கும். உறைப்பைக் குற்றமாகவும் வழுவழுப்பைக் குணமாகவும் வைத்த ஒரு நாக்கு அந்தக் குணத்துக்குப் பெண்மை என்று பெயரும் வைத்துக்கொண்டது. சிவப்பு ஒயின் பீப்பாயில் கிடந்து இளஞ்சிவப்பாக வரும் டெக்கீலாவை யாரைக் குறிவைத்து விளம்பரம் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கவிதை வாசிப்புக்காக குவாதலஹாரா போயிருந்தபோது எங்களை ஒரு சுவைக்கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். ஊற்றிக் கொடுத்தவர் ஆண் கவிஞர்களுக்கு ப்ளாங்கோவையும் எங்களுக்கு ரெபொசாதோவையும் கொடுத்தார். ப்ளாங்கோவையும் கேட்டேன். "எரியும்" என்றார். "எரியட்டும்" என்றேன். ப்ளாங்கோ எரியத்தான் செய்தது. ஆனால் அதில் கிழங்கும் மிளகும் எலுமிச்சைத் தோலும் இருந்தன. ரெபொசாதோவில் கேக் கடை எசன்ஸ் வாசனை ஒன்றுதான். ஓக்கில் கிடந்ததற்கான துவர்ப்பு நாக்கில் எங்கும் இல்லை. "இதில் கற்றாழை இல்லையே" என்றேன். அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை, பக்கத்திலிருந்த ஆண் கவிஞரிடம், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவரும் கற்றாழை தெரியவில்லை என்றே சொன்னார். "நல்ல நாக்கு உங்களுக்கு" என்று அவருக்குப் பாராட்டு கிடைத்தது.

நமக்கு இது பழகிய கதை. சமையலறையில் உப்புப் பார்ப்பது நாம். கூடத்தில் உட்கார்ந்து 'இன்றைக்குக் குழம்பு சரியில்லை' என்று சொல்வது அவர். ருசி பார்க்கும் வேலை நம்முடையது, தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருடையது. நைவேத்தியம் சமைக்கும்போது அந்த உப்பைக்கூடப் பார்க்கக் கூடாது.

மெக்சிக்கோவிலும் இது நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. அங்குள்ள பழங்குடி மரபில் கற்றாழை ஒரு பெண்: மயாவெல் என்ற தெய்வம். துண்டாக்கிக் கொல்லப்பட்ட அவளுடைய எலும்புகளைப் புதைத்த இடத்தில் கற்றாழை முளைத்தது என்கிறது கதை. கற்றாழையின் பாலைப் புளிக்கவைத்தால் புல்கே. டெக்கீலாவுக்கு வெகுகாலம் மூத்த, வடிக்காத கள் அது. அந்தப் புல்கே புளிக்கும் அறைக்குள் பெண் நுழைந்தால் புல்கே கெட்டுவிடும் என்று பண்ணைகளில் தடை வைத்திருந்தார்கள். தெய்வம் பெண்ணாக இருக்கலாம், அறைக்குள் வருவது பெண்ணாக இருக்கக் கூடாது. தூரமான பெண் தொட்டால் ஊறுகாய் கெட்டுப்போகும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெக்சிக்கோ நகரின் காந்தினா மதுக்கூடங்களில் 1980களின் தொடக்கம்வரை பெண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள், சிறார், சீருடைக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை தொங்கியது.

பலகை இறங்கிய பிறகும் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி தானாக வரவில்லை. பெண்கள் உழைத்து எடுத்துக்கொண்டார்கள். அனா மரியா ரொமேரோ மேனா டெக்கீலாவில் நுகரக்கூடிய நூற்றுக்கணக்கான மணங்களை இனம்பிரித்து, அவற்றை ஒரு மணச்சக்கரமாக வகுத்தார். ஹலிஸ்கோவின் மேட்டு நிலத்திலுள்ள வாயே தெ குவாதலூப்பே என்ற ஊரில் மெல்லி பராஹாஸ் ஓர் ஆலை நடத்துகிறார். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பயன்படுத்திய அமெரிக்க விஸ்கிப் பீப்பாய்களில் கிடந்து அங்கிருந்து வரும் ரெபொசாதோவின் பெயர் லா கிரித்தோனா. 'கத்துகிறவள்' என்று அர்த்தம்.

அதை ருசித்துப் பார்த்திருக்கிறேன். என் தீர்ப்பைச் சொல்கிறேன். நிறம் வெளிறிய வைக்கோல்; வயதைக் கூட்டிக் காட்டும் முயற்சி இல்லை. கிளாஸைச் சுழற்றி முகர்ந்தால் முதலில் வேகவைத்த கற்றாழை, பிறகு பச்சைப் புல், கடைசியில்தான் கொஞ்சம் வனிலா. ஒரு மிடறு வாயில் வைத்தால் நுனிநாக்கில் இனிப்பு, நடுவில் மிளகு, ஓரங்களில் மரத்தின் துவர்ப்பு. விழுங்கிய பிறகு காரம் நிற்கிறது. காலி கிளாஸை மறுநாள் காலை முகர்ந்தேன், கிழங்கு மணம் அப்போதும் இருந்தது. குறையும் உண்டு: மரத்தின் பங்கு எனக்கு ஒரு பிடி குறைவு. இரண்டாவது மிடறு மெலிகிறது. ஆனால் இது ஒளிக்காத பானம். யாராவது இதை 'ஸ்மூத்' என்று சொன்னால் அவர் இதைக் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டும். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்காரும் ஊரில் ஒரு பெண் மதுவின் ருசியைப் பற்றி எழுதலாமா? சாலையில் உட்காரும் பெண்கள் பக்கம்தான் நானும் இருக்கிறேன். 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசுக்கு வருமானம். அடி, கடன், தாலியை அடகு வைப்பது எல்லாம் அவளுக்கு. ஆனால் அந்த வீட்டையும் பாருங்கள். அவன் எவ்வளவு குடித்தாலும் அது பழக்கம். அவள் வாசனை பிடித்தாலும் அது ஒழுக்கக் கேடு. அவன் குடிக்கும் சரக்கு என்ன, எதில் செய்தது, ஏன் இவ்வளவு மட்டம் என்று கேட்கும் இடத்தில்கூட அவள் இல்லை. விலக்கி வைப்பது அவளை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. சுவைத்துத் தீர்ப்புச் சொல்வதும் குடித்துத் தீர்ப்பதும் ஒன்றல்ல. போட்டிகளில் தீர்ப்புச் சொல்பவர்கள் கிளாஸின் அடியில் கொஞ்சம்போல ஊற்றி, வாயில் வைத்துத் துப்பிவிடுகிறார்கள். மயங்கிய நாக்குக்குத் தீர்ப்பு வராது. குடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணின் உரிமையும், குடித்துப் பார்த்து மட்டம் என்று சொல்லும் பெண்ணின் உரிமையும் ஒரே உரிமைதான்.

'நம் பண்பாட்டில் இல்லாதது' என்று யாரும் தமிழ் படித்தவளிடம் சொல்ல வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைப்பவர்கள் பெண்கள். அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்தோடுவதைக்கூடப் புலவர் பாடியிருக்கிறார். அதியமான் கள்ளைத் தன்னோடு பகிர்ந்துகொண்டதை ஔவையார் இரங்கல் பாட்டில் நினைவுகூர்கிறார். பெண்ணின் நாக்கு கவிதைக்கும் கள்ளுக்கும் ஒருசேர உரிய நாக்காக இருந்த காலம் நம் மொழியில் பதிவாகியிருக்கிறது.

அந்த மொழியில் தீர்ப்புக்கு வேண்டிய சொற்களும் இருக்கின்றன. துவர்ப்பு, கார்ப்பு, உறைப்பு, காறல், கமறல், ஊசல், தீய்ந்த வாடை என்று நம் அம்மாக்கள் அடுப்படியில் நின்று நூறு சொற்களைக் கையாண்டார்கள். அவற்றைப் புலமை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ரெபொசாதோவை மதிப்பிட ஆங்கிலத்திலிருந்து 'ஸ்மூத்' ஒன்றைக் கடன் வாங்குவதைவிட 'முன்வாயில் உறைப்பு, பின்வாயில் துவர்ப்பு, நடுவில் பாகு கலந்த கள்ளத்தனம்' என்று சொன்னால் எவ்வளவோ துல்லியம்.

டெக்கீலாவை நீங்கள் ஒருநாளும் தொடாமல் போகலாம். பானமோ புத்தகமோ புடவையோ மாப்பிள்ளையோ, 'மென்மையானது, உனக்கு ஏற்றது' என்று ஒன்று உங்கள் முன் நீட்டப்படத்தான் போகிறது. வாங்கிக்கொள்வதற்கு முன் இதில் என்ன இருக்கிறது, எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் அபிப்பிராயம் கேட்கப்படும்வரை காத்திருக்காமல் உங்கள் தீர்ப்பை முதலில் சொல்லுங்கள், சத்தமாக.