புயலுக்கு முன்னாடி ஒரு தேதியைப் பாருங்க

ஜூன் 1 வந்தால் ஹூஸ்டனில் புயல் சீசன் தொடங்கிவிடும். நவம்பர் 30 வரை ஓயாது. தண்ணீர் கேன், டார்ச், பேட்டரி எல்லாம் வாங்கி அடுக்கி வைப்போம். ஆனால் வீட்டு மின்சார ஒப்பந்தம் எப்போ முடியுதுன்னு கேட்டால், "தெரியலையே, பார்க்கணும்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில்.

இதற்குக் காரணம் இருக்கு. தமிழ்நாட்டில் கம்பி இழுப்பதும் பில் போடுவதும் ஒரே மின்வாரியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் கட்டினால் முடிந்தது. டெக்சாஸின் பெரும்பாலான பகுதிகளில் 2002-லிருந்து கதையே வேறு. கம்பியும் கம்பமும் ஒரு நிறுவனத்துடையது. ஹூஸ்டனில் அது சென்டர்பாயின்ட். மின்சாரத்தை விற்று பில் அனுப்புவது நாம் தேர்ந்தெடுக்கும் இன்னொரு நிறுவனம்.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் அடித்தபோது 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகள் இருண்டன. சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் கரண்ட் வரவில்லை. யாரிடம் மின்சாரம் வாங்கினாலும் அன்று அறுந்தது அதே கம்பிதான். ஆகவே, "பெரிய கம்பெனி, சீக்கிரம் கரண்ட் வரும்" என்று நம்பி யூனிட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கு. நிலையான கட்டண ஒப்பந்தம் முடிந்து நாம் எதுவும் செய்யாமல் இருந்தால், மாதத்துக்கு மாதம் மாறக்கூடிய கட்டணத்துக்குத் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் அது அதிகம். ஏசி இரவும் பகலும் ஓடுகிற ஆகஸ்டில் இது நடந்தால் பில் எகிறும். புயல் வாரத்தில் உட்கார்ந்து திட்டங்களை ஒப்பிட யாருக்கு நேரம், இன்டர்நெட் இருக்கும்?

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலைதான். பில்லில் முடிவுத் தேதியைப் பாருங்க. கடைசி 14 நாளுக்குள் மாறினால் ஒப்பந்தத்தை முறித்ததற்கான கட்டணம் கிடையாது. மாநில ஆணையமே நடத்தும் 'பவர் டு சூஸ்' தளத்தில் திட்டங்களை ஒப்பிடலாம். விளம்பர விலையை மட்டும் நம்பாதீங்க. ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள விவரச் சீட்டில் 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை போட்டிருக்கும். சில திட்டங்கள் 1000 யூனிட்டைத் தொட்டால்தான் தள்ளுபடி தரும். 999-ல் நின்றால் போச்சு. உங்கள் 12 மாதப் பயன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுங்க. ஒப்பந்தம் கோடையில் முடியாதபடி காலத்தைத் தேர்ந்தெடுங்க. ஜூனில் 9 மாதத்துக்கு எடுத்தால் மார்ச்சில் முடியும்.

வீட்டில் நிரந்தரமாக வசிப்பவர் யாராவது மருத்துவக் கருவியை நம்பியிருந்தால், மருத்துவர் நிரப்பிய படிவத்தைக் கம்பி நிறுவனத்தில் இப்போதே பதிவு செய்யுங்க. அதனால் மின்சாரம் நிற்காது என்ற உத்தரவாதம் கிடைக்காது. எனவே மாற்று ஏற்பாடும் தேவை.

தேதியை மறந்தவரைத் தண்டிக்கிற இந்த ஏற்பாடு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. 2021 பிப்ரவரி பனிப்புயலில் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. அந்த விலையோடு பிணைத்த திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அதன் பிறகுதான் வீடுகளுக்கு அப்படிப்பட்ட திட்டங்களைத் தடை செய்தார்கள். அடி விழுந்த பிறகே சட்டம் வந்தது. காலாவதியான ஒப்பந்தத்துக்கும் ஒரு கட்டண உச்சவரம்பு வேண்டும் என்று நம் பகுதிப் பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டும்.

அதுவரை இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இந்த வாரம் அப்பா அம்மாவின் பில்லை வாங்கிப் படிச்சுப் பாருங்க. எட்டு மணி நேரம் கோட் எழுதுகிற நமக்கு, ரெண்டு பக்கச் சீட்டைப் படிப்பது பெரிய காரியமா என்ன?