செல்லாதது வாக்கா, வாசிப்பா?

செல்லாத வாக்கு என்றதும் எழுத்தறியாதவரின் கைப்பிழை என்று எண்ணிக் கடந்துவிடுவோர் நம்மிடையே பலர். இதனை நாம் மறுக்கிறோம். செல்லாமை சீட்டில் தானாக விளைவதன்று. சீட்டை வாசிக்கும் அதிகாரி வழங்கும் தீர்ப்பு அது.

சட்டத்தில் குறையில்லை. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 56ஆவது, தள்ளுபடிக்குரிய காரணங்களை அடுக்குகிறது: வாக்காளரை அடையாளங்காட்டும் குறி, இருவருக்கு இட்ட முத்திரை, ஒருவருக்கும் இடாமை, இன்னும் சில. ஆனால் முத்திரை மங்கியிருப்பதாலோ பலமுறை பதிந்திருப்பதாலோ மட்டும் தள்ளலாகாது, வாக்காளரின் எண்ணம் தெளிவாயின் ஏற்க வேண்டும் என்றும் அவ்விதியே கூறுகிறது. தள்ளுமுன் முகவர்கள் பார்வையிட வாய்ப்பளிக்கவும் சொல்கிறது. உரையாசிரியர்கள் பாடபேதத்தின் முன் காட்டும் நிதானமே இது.

நடைமுறையோ வேறு. 2016இல் இராதாபுரத்தில் வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகள் 203. வாக்காளரின் குறியில் பழுதில்லை. உறுதிமொழிக்குச் சான்றொப்பமிட்ட நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதியில்லை என்பதே காரணம். அவர்களுக்குத் தகுதியுண்டு என்று 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. எண்ணினார்கள், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பதவிக்காலமும் முடிந்தது. இதில் எழுத்தறியாதவர் யார்?

விதியைத் தளர்த்தினால் முறைகேடு நுழையும் என்பர். 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில் எட்டுச் சீட்டுகளில் கோடிட்டுச் செல்லாதவையாக்கியவர் தேர்தலை நடத்திய அதிகாரியே. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லுமெனக் கொண்டு முடிவை மாற்றியது. நுழைவாயில் எங்கே என்பது விளங்கவில்லையா?

இயந்திரம் வந்தபின் இவ்விவாதம் பழங்கதை என்பாரும் உளர். தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் 2001 முதல் எல்லாத் தொகுதியிலும் இயந்திரந்தான். ஆயினும் 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தோர் வீட்டிலிருந்தே தாளில் வாக்களிக்கலாயிற்று. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஆயுள் முழுதும் வலையிழுத்துக் காய்த்த ஒரு கை, நடுக்கத்தோடு இடும் குறி கோட்டைத் தொட்டால் என்செய்வது? கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் கலந்தபோதெல்லாம் முறையிட்ட ஊர் அது. அதன் முதியவருக்கு எஞ்சிய கடைசிச் சொல் அந்தக் குறிதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை, குலுக்கலேயன்றி வாக்கெடுப்பன்று. எனினும் ஓலையை வாங்குபவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும், அங்கிருக்கும் நம்பிமாரும் அதனை வாசிக்க வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே அது விதித்தது. நாம் கேட்பதும் அவ்வளவே: தள்ளும் ஒவ்வொரு சீட்டும், தள்ளும் காரணமும், விரித்த கையில் இருக்கட்டும்.