கேட்காத கடிதம் குப்பைக்குத்தான்!

விருத்தாசலம் பீங்கான் அகல் விளக்குக்குக் கார்த்திகை வந்தால் தனி கிராக்கி. ஆர்டர் பிடிக்க ஒரு பட்டறைக்காரர் சென்னையில் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு ஈமெயில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் வருமா? பெரும்பாலும் வராது! ‘ஸ்பாம்’ என்று முத்திரை குத்தி, கடிதத்தைக் குப்பையில் தள்ளிவிடும் கம்ப்யூட்டர். கம்பெனிக்காரர் கண்ணில் அது படுவதே இல்லை.

யார் செய்த பாவம்? 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆசாமி, யாரும் கேட்காமலே சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். அன்று ஆரம்பித்த தொல்லை, லாட்டரி மோசடி, போலி பில் என்று வளர்ந்தது. இப்போது யோக்கியனும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறான்!

“லட்சம் முகவரி தர்றோம், காவலைத் தாண்டுற வித்தை சொல்றோம்” என்று சிலர் கல்லா கட்டுகிறார்கள். வியாபாரிகளே, ஏமாறாதீர்கள்!

வழி நேரானது. சொந்தக் கடைப் பெயரில் முகவரி வேண்டும். ரேஷன் கார்டு மாதிரி, ஆள் அசல்தான் என்று காட்ட எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற அத்தாட்சிகள் வேண்டும். தினம் 5 ஆயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024-ல் கூகுள் இதைக் கட்டாயமாக்கியது. வேண்டாம் என்பவர் ஒரே பட்டனில் விலகவும் வழி வைக்கச் சொன்னது. ஆயிரத்தில் 3 பேர் புகார் செய்தாலே ஆபத்து!

முதலில் போன் பண்ணுங்கள். கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

மாவட்டத் தொழில் மையம் இதற்கு ஒருநாள் வகுப்பு நடத்தினால் என்ன? ஒரு ஆர்டர் தவறினால் ஒரு சூளை அணையும். அதிகாரிகள் கவனிப்பார்களா?