யார் கொடுத்த காசு?

ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை வரும்போது என் பெண்ணின் கையில் பத்து ரூபாயைத் திணிப்பது என் வழக்கம். போன தவக்காலத்தில் அவள் கேட்டாள்: "இது உன் காசுதானே, அம்மா? அப்படியானால் நான் என்ன கொடுத்தேன்?" எனக்குப் பதில் வரவில்லை.

1843-ல் பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகர ஆயர் ஃபோர்பான்-ஜான்ஸன், சீனத்துக் குழந்தைகளின் துயரம் கேட்டு மனம் உருகினார். தம் நாட்டுச் சிறுவர்களிடம் அவர் கேட்டவை இரண்டே: தினம் ஒரு மங்கள வார்த்தை ஜெபம், மாதம் ஒரு சிறு காசு. அப்படிப் பிறந்ததுதான் திருப்பாலத்துவ சபை. சின்னக் கைக்கு முடிந்தது எதுவோ, அதை விடாமல் கொடுப்பதே அதன் சூட்சுமம்.

இப்போது என் பெண், தின்பண்டத்துக்கு நான் தரும் காசில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறாள். சனிக்கிழமை கோயில் பெருக்கும் பெண்களோடு போய்ப் பீடத்துக்குப் பூ எடுத்துக் கொடுக்கிறாள். பூசை முடிந்ததும், படியிறங்கத் தடுமாறும் ஒரு பாட்டிக்குக் கை கொடுக்கிறாள்.

சகோதரிகளே, குழந்தை செய்வதை ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். உண்டியலை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். அது எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை!

போன வாரம் அவளிடம் மூன்று ரூபாய்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று என் கை பர்ஸைத் தேடியது. அவள் மெல்லத் தலையசைத்து, வேண்டாமென்றாள்.

அந்த மூன்று ரூபாய் அவளுடையது.