சுகநலப் பக்கம்: கால் இறுகி நடையும் தடுமாறினால்



"நடக்கேக்க கால் பின்னுது, கெண்டைக்கால் மரக்கட்டை மாதிரி இறுகுது" என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னால், "குளிர் பிடிச்சிட்டுது, நல்லெண்ணெய் பூசு" என்பதுதான் எங்கள் முதல் வைத்தியம். ஆக்லாந்துக் குளிரில் தசை இறுகுவது உண்மைதான். ஆனால் இறுக்கத்தோடு தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், பழுது தசையில் அல்ல, நரம்பில் இருக்கலாம். மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியாகக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் கெட்டால் தசை இறுகும்; கால் சொன்னபடி கேளாது.

இதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கை கால்கள் சோர்ந்தன. எல்லோரும் அண்மையில் பெரியபிள்ளை ஆனவர்கள். வழக்கப்படி அவர்களுக்குப் பச்சை நல்லெண்ணெய் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேற் என்ற நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் ஏற்றிய பரல்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. வைத்தியர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் லான்செற் சஞ்சிகையில் இதை எழுதினார்கள்.

இந்த நஞ்சு குடித்த அன்றே காட்டாது. ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் கால் சோரும். சோர்வு மெல்லக் குறைந்தாலும், முள்ளந்தண்டு நரம்பு கெட்டவர்களுக்குப் பின்னர் கால் இறுக்கம் வெளிப்படும். மொறோக்கோவில் 1959 இல் இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறக்குறைய 10,000 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள்.

தாய்மார் செய்த வழக்கத்தில் பிழையில்லை, பிழை பரலில். தொழிற்சாலையில் வேலை செய்யும் நாங்கள் இதை மறக்கக் கூடாது. இரசாயனம் வந்த வெறும் பரலையோ கானையோ வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர், எண்ணெய், அரிசி வைக்காதீர்கள். இந்த நஞ்சை நிறத்திலோ மணத்திலோ கண்டுபிடிக்க முடியாது. கழுவினால் போய்விடும் என்றும் நம்பாதீர்கள்.

வேறு காரணங்களும் உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தால் கால் விறைத்து நடை தள்ளாடும். இரத்தப் பரிசோதனையில் தெரியும், ஊசி உண்டு. கழுத்தெலும்பு தேய்ந்து முள்ளந்தண்டு நரம்பை நெரித்தாலும் இப்படி வரும். சிறுபிள்ளை நடக்கப் பிந்தி, கால்களைக் கத்தரிக்கோல் போல் பின்னினால், பிறப்போடு வந்த மூளைப் பாதிப்பாக இருக்கலாம். வேளைக்குக் காட்டினால் பயிற்சி உதவும்.

முகம் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறித் திடீரென வந்தால் அது பாரிசவாதம். எண்ணெய் பூசி நேரம் போக்காமல் உடனே 111 ஐ அழையுங்கள். மெல்ல மெல்ல வந்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டீர்கள், வேலையில் எதைக் கையாளுகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

ஆங்கிலம் வராதே என்று பின்நிற்க வேண்டாம். இந்நாட்டில் 1996 முதல் உள்ள நோயாளர் உரிமைச் சட்டக்கோவைப்படி, தேவையானபோது, இயலுமான இடத்தில், மொழிபெயர்ப்பாளரைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. நேரம் குறிக்கும்போதே "தமிழ்" என்று சொல்லிவையுங்கள்.