படகில் இருக்கும் பெட்டியைத் திறக்க யாருக்கு உரிமை?

2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன விழாவில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இந்தியா திறமூல மென்பொருளின் பக்கம் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பில் கேட்ஸ் அவரைச் சந்தித்திருந்தார். மென்பொருள் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை என்பதையும் கலாம் மறைக்கவில்லை. ஏவுகணைத் திட்டங்களுக்கு வெளிநாடுகள் தொழில்நுட்பத்தைத் தர மறுத்த காலத்தை நேரில் கண்டவர் அவர். தான் இயக்கும் பொறிக்குள் என்ன ஓடுகிறது என்பது இந்த நாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலை, ஆனால் பாதிக் கவலை. நாட்டுக்குத் தெரிந்த ஒன்று, அதைப் பயன்படுத்தும் குடிமகனுக்கும் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கலாம் பிறந்த ராமேசுவரம் கடற்கரையே இன்று காட்டுகிறது.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழிலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி-டாக்கி எல்லாம் பழகிப்போன பொருள்கள். 2019 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் ‘ஜெமினி’ கருவி வெளியிடப்பட்டது. கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத தூரத்திலும் புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே கொண்டுசேர்க்கும் கருவி அது. ஆனால் ஒருவழிக் கருவி; படகிலிருந்து கரைக்கு ஒரு சொல்கூட அனுப்ப முடியாது. அடுத்து வந்த இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் இந்தக் குறையைத் தீர்த்தது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாயில் அதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். ஆபத்தில் செய்தி அனுப்பலாம். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை வரும். உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அந்தக் கருவி படகு போகும் தடத்தையும் கரைக்குச் சொல்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக் கோட்டைப் படகு தாண்டியதா இல்லையா என்பதில்தான் இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு தொங்குகிறது. தடப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யாரெல்லாம் பார்க்கலாம், வழக்கு வந்தால் படகின் உரிமையாளர் அதைச் சான்றாகக் கேட்டுப் பெறலாமா? கருவி பழுதானால் பாம்பன் மெக்கானிக் அதைத் திறக்கலாமா? திறந்த தொழில்நுட்பம் என்ற கொள்கைக்கு உண்மையான தேர்வு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

திறமூல இயக்கத்தின் அடிப்படை ஆவணங்களைப் படித்தால், அவை வெறும் மூலநிரல் வெளியீட்டோடு நிற்பவை அல்ல என்பது புரியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம், இயக்கவும் ஆராய்ந்து மாற்றவும் பகிரவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை கேட்டது. திறமூல வன்பொருளுக்கான வரையறை 2011இல் வந்தபோது இன்னும் ஒரு படி போனது. வடிவமைப்புக் கோப்புகள் மாற்றம் செய்வதற்கு ஏற்ற வடிவில் இருக்க வேண்டும்; சர்க்யூட்டின் படத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு ஒதுங்கக் கூடாது. அந்த நிபந்தனையின் மதிப்பு தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். லினக்ஸ் கணினித் திரைகளும் லிப்ரே ஆபிஸும் தமிழில் வந்தது பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களின் உழைப்பால். எந்த நிறுவனத்தின் சந்தைக் கணக்குக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உரிமம் இடம் தந்தது, செய்தார்கள். இதே இடம் படகுக் கருவியிலும் இருந்தால், தென்மேற்கு, வடகிழக்கு என்று பாடப்புத்தக மொழியில் வரும் எச்சரிக்கையைக் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று கடற்கரை பேசும் மொழிக்கு மாற்ற உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் சிலர் போதும்.

உரிமம் தேவைதான், ஆனால் உரிமம் மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், உலகெங்கும் பலர் பங்களித்து வளர்த்த டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை ஒரே அறிவிப்பில் இறுக்கியது. முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் மட்டுமே இருந்ததால் பங்களித்தவர்கள் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பழைய நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு ‘ஓபன்டோஃபு’ என்று தனி வழியில் போக முடிந்தது. திறந்த நிரல் அவர்களுக்குத் தந்தது வெளியேறும் உரிமை. உள்ளே இருந்துகொண்டே முடிவெடுக்கும் உரிமை வேறு, அதைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். சில்லுகளின் அடிப்படை விதிகளைப் பொதுவில் வைத்த ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு, எந்த ஒரு நாட்டின் அரசியலும் அதைக் கட்டிப்போடக் கூடாது என்று 2020இல் அமெரிக்காவிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு மாறியதும் இந்தப் புரிதலால்தான். அந்த விதிகளின்மேல் சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ செயலி திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுக்காக வடிவமைத்த ‘ஐரிஸ்’ சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விண்வெளிக் கருவியை நம்பி ஒப்படைக்க ஒரு திறந்த செயலி தகுதியானது என்றால், விசைப்படகுக்கும் அது தகுதியானதுதான்.

மீனவர் நிரலைப் படிக்கப் போகிறாரா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் படிக்க வேண்டியதில்லை. படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் திறமையும் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிறது, அது போதுமானதாக இருக்கிறது. திறந்த வடிவமைப்பு அந்த நாலு பேரை உருவாக்கும். மூடிய பெட்டியோ பழுதான ஒவ்வொரு முறையும் தொலைதூர நகரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதுவரை படகு கருவியில்லாமல் போக வேண்டும், அல்லது போகாமல் கரையில் கிடக்க வேண்டும்.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. கடத்தல் நடக்கும் எல்லைக் கடலில் கண்காணிப்புக் கருவியின் நிரலை வெளியிட்டால் அதை ஏமாற்றும் வழியையும் சொல்லிக்கொடுத்தது ஆகாதா? இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. 2024இல் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருளுக்குள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றைச் செருகினார். திறந்த சமூகத்தின் வாசல் வழியாகத்தான் அந்த ஆபத்து நுழைந்தது. ஆனால் அது பிடிபட்டதும் அதே வாசலால்தான். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர், நிரல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் காரணத்தைத் துருவிப் பிடித்துவிட்டார். பூட்டின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்க முடியாததே நல்ல பூட்டு என்பது ஆகுஸ்ட் கெர்கோஃப்ஸ் 1883லேயே முன்வைத்த கொள்கை. ரகசியக் குறியீட்டு எண்கள் ரகசியமாகவே இருக்கட்டும். வடிவமைப்பு ரகசியமாக இருப்பதால் மட்டுமே ஒரு கருவி பாதுகாப்பாக இருக்கிறது என்றால் அது பலவீனமான கருவி.

வன்பொருளில் முழுத் திறப்பு நடக்காது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சக்தி செயலியின் வரைபடம் திறந்தது. அதைச் சிலிக்கானில் வார்க்கும் ஆலையின் நுட்பங்கள் பெரும்பாலும் ஒப்பந்தங்களுக்குப் பின்னால் பூட்டியிருக்கின்றன. ஆனால் ஓர் அடுக்கு மூடியிருப்பது, மற்ற எல்லா அடுக்குகளையும் மூடக் காரணமாகாது. இடமறியும் சேவை தரும் ‘நாவிக்’ செயற்கைக்கோள் அலைவரிசையின் பொதுப் பயன்பாட்டு விவரக்குறிப்பை இஸ்ரோ 2014இலேயே வெளியிட்டது. அதனால்தான் எந்த நிறுவனமும் அதற்கு அலைவாங்கி செய்யலாம். அலையைத் திறந்துவைத்த அதே அமைப்பு பெட்டியையும் திறந்துவைக்கலாம்.

அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். அரசுக்காக எழுதப்படும் செயலிகளின் மூலநிரலைத் திறக்கும் கொள்கையை மத்திய அரசு 2015இலேயே அறிவித்துவிட்டது. அதைப் பொதுப் பணத்தில் வாங்கும் வன்பொருளுக்கும் நீட்டிப்பதுதான் மீதமுள்ள வேலை. மீன்வளத் துறை அடுத்த கொள்முதல் அறிவிப்பில் வடிவமைப்புக் கோப்புகளை வெளியிடுவதையும், மண்டபத்திலும் பாம்பனிலும் பழுது பார்க்கப் பயிற்சி தருவதையும் நிபந்தனையாக்க வேண்டும். ஒவ்வொரு படகின் தடப்பதிவும் அதன் உரிமையாளர் கேட்ட உடனே கிடைக்க வேண்டும். எச்சரிக்கை எப்போது ஒலிக்க வேண்டும், தரவை யார் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் மீனவர் சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்ட மீனவர் சங்கங்கள் டீசல் மானியத்தைக் கேட்கும் அதே உறுதியோடு இதையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.