பழைய மெட்டாலிகா எது?

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பம் 2023 ஏப்ரலில் வெளிவந்தபோது, பழைய மெட்டாலிகா எங்கே போனது என்று பல ரசிகர்கள் கேட்டார்கள். நியாயமான ஏக்கம்தான். ஆனால், எந்தப் பழையது? 1991-இல் பாடல்களைச் சுருக்கி, வேகத்தைத் தணித்து வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தையே அன்றைய ரசிகர்களில் ஒரு சாரார் ஏற்கவில்லை. 2003-இன் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் கிட்டார் சோலோவே கிடையாது. ஏங்குபவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் 1986-இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. அதனோடே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அதில் 8 பாடல்கள், ஏறத்தாழ 55 நிமிடம். தலைப்புப் பாடல் எட்டரை நிமிடம் ஓடினாலும் அலுப்பதில்லை. நடுவில் இரைச்சல் அடங்கி, கிட்டார் தெளிந்த மெட்டில் தனியே பாடும். பிறகு படிப்படியாக ஏறி மீண்டும் வெடிக்கும். புதியதில் 12 பாடல்கள், 77 நிமிடம். நல்ல ரிஃப்புகளுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளுக்கு, குறைவில்லை. ஆனால் பல பாடல்கள் ஒரு ரிஃப்பைப் பிடித்ததும் அதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டு மூன்று பாடல்களைக் குறைத்திருக்கலாம்.

பொருளில் புதிய ஆல்பம் துணிச்சலானது. ஆண்டுக்கு ஆறு பருவம் எண்ணும் நமக்குத் தலைப்பின் கணக்கு இடிக்கும்; அவர்களுக்கு நான்கு. ஆக, 72 பருவம் என்பது வாழ்வின் முதல் 18 ஆண்டுகள். பதின்வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், 59 வயதில் அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கிறார். 'மாஸ்டர்' வந்தபோதிருந்த இருபத்திரண்டு வயதில் இதை இப்படி எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு, பேஸ் ஒலி. குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986-இல் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தார். அடுத்து 1988-இல் வந்த ஆல்பத்தில், புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் ஒலி காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. ரசிகர்களுக்கு அந்தக் குறை இன்றும் ஆறவில்லை. '72 சீசன்ஸ்' முடிவில் வரும் 'இனமோராட்டா' 11 நிமிடப் பாடல். அதன் நடுவில் கிட்டார்கள் ஒதுங்கி, இப்போதைய பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் முன்னால் வந்து நிதானமாக நடக்கிறது.

'மாஸ்டர்' அளவுக்குச் செறிவான ஆல்பம் அல்ல இது. ஆனாலும் ஒதுக்கிவிடாதீர்கள், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தக் கடைசிப் பாடலிலிருந்தே தொடங்குங்கள்.